ஒரு கட்டுக்குத்தான் இடம்

அத்தியாயம் பதினான்கு

கபீர் கடைக் கதவில் போட்ட கோட்டை மறந்துபோனவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை.

மலாக்கா ஆற்றோரத்தில் காசு மாற்றும் கடை வைத்திருக்கும் கபீர், கதவுப் பலகையின் உட்புறத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, அதன் பக்கத்தில் ஒரு விலையை எழுதி வைப்பான். கையில் இருக்கும் இந்தோனேசிய ரூபியா அந்த விலைக்கு இறங்கிவிட்டால், அன்றைக்கே வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். நஷ்டமா, நஷ்டம். உட்கார்ந்து அழ நேரமில்லை. எட்டு வருஷமாக அவன் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. 'அந்நிய நோட்டை வீட்டில் தூங்க விடாதே' என்பது ஊருக்கெல்லாம் அவன் இலவசமாக வழங்கிய புத்தி.

ஊருக்கு வழங்கியவன் தனக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில் ஆயிரம் ரூபியா நோட்டு இருபத்து நாலு வெள்ளிக்கு, அதாவது மலாயா டாலருக்கு, போனது. கோடு இருபத்திரண்டில் இருந்தது. விலை இருபத்திரண்டுக்கு இறங்கியபோது கபீர் விற்கவில்லை. கோட்டைத் துடைத்துவிட்டு இருபத்தொன்று என்று எழுதினான். அதற்கும் இறங்கியது. மறுபடி துடைத்தான். இப்போது இருபது.

"தெனமும் அழிச்சு எழுதறதுக்கு எதுக்கு மச்சான் ஒரு கோடு?" என்று போன வாரம் அவன் மனைவி ரஹீமா கேட்டாள்.

"இது வியாபாரம். சோத்துப் பானை இல்ல" என்றான் கபீர்.

அதற்குப் பிறகு காஜா பெராங்கில் இருக்கும் அந்த வீட்டில், உப்பு, புளி, மண்ணெண்ணெய் தவிர வேறு பேச்சு நடக்கவில்லை.

இந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் விடிந்தது. ஐம்பத்தொன்பதாம் வருஷத்துத் தேர்தல் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சுவரொட்டிகள் மழையில் ஊறிப் பாதி கிழிந்து தொங்கின. கபீர் ஒரு வார்த்தை பேசாமல் பசியாறிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ரஹீமாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியையே திரும்ப எடுத்துத் துவைத்தாள். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. பின்வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலிக்குத் தலை கிள்ள உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அது மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியைச் சேர்ந்த அம்மாளின் வீடு. நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். மூன்று தலைமுறைக்கு முன்பே தமிழைத் தொலைத்த குடும்பம். தினமும் மத்தியானம் ஜகார்த்தா நிலையத்தில் குரோஞ்சோங் பாட்டு வைத்துவிட்டுத்தான் அந்த அம்மாள் கண்ணயர்வாள்.

பாட்டு பாதியில் நின்றது. ஓர் ஆண் குரல் வந்தது. ரஹீமா முதலில் காதில் வாங்கவில்லை. 'ஐந்நூறு ரூபியா' என்றதும் கை நின்றது. 'ஆயிரம் ரூபியா' என்றதும் எழுந்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி அம்மாளும் வெளியே வந்து, "டெங்கார்! டெங்கார்!" என்று காதைத் தொட்டுக் காட்டினாள்.

இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். குரல் மறுபடியும் அதையே சொன்னது. நாளைக் காலை ஆறு மணியிலிருந்து ஐந்நூறு ரூபியா நோட்டுக்கு மதிப்பு ஐம்பது. ஆயிரம் ரூபியா நோட்டுக்கு மதிப்பு நூறு. சின்ன நோட்டுகளுக்கு ஒன்றும் இல்லை.

ரஹீமாவுக்குக் கடைப் பெட்டிதான் முதலில் ஞாபகம் வந்தது. சின்ன நோட்டு பெட்டியை அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி, கபீர் வாங்கியதையெல்லாம் ஆயிரமாகவே மாற்றி வைத்திருந்தான். அறுபது நோட்டு. கடையின் முதலில் பெரும்பகுதி அதுதான்.

அதுகூட அவளை அப்படி உலுக்கவில்லை. உள்ளே ஓடி அலமாரியைத் திறந்து, தொழுகைத் துப்பட்டியின் அடியிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுத்தாள். அதிலும் ஆயிரம் ரூபியா நோட்டுகள், அதே அறுபது. இவர்களுடையது இல்லை. பின் சந்தில் இடியாப்பம் அவித்து விற்கும் பூங்காவனம் கொடுத்து வைத்தது.

பூங்காவனத்தின் அண்ணன் மருதமுத்து சுமத்திராவில் இருபது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினான். நெஞ்சு கெட்டுப்போய், சீனப் பெருநாள் சமயம் தோங்காங் சரக்குப் படகில் வந்து மலாக்காவில் இறங்கினான். இருபது வருஷத்துக்கும் அவன் கொண்டுவந்தது இந்தக் கட்டு ஒன்றுதான். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். பூங்காவனம் அன்றைக்கே வெள்ளியாக மாற்றத்தான் கடைக்கு வந்தாள். கபீர்தான் தடுத்தான்.

"இப்ப மாத்தினா நஷ்டம் அக்கா. மவுலிது மாசம் பொறக்கறதுக்குள்ள வெல ஏறிடும். நானே சொல்லி அனுப்பறேன்."

"நீங்க சொன்னா சரி பாய். அதுவரைக்கும் உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று அவள் விட்டுப் போனாள். அப்படித்தான் அது அமானிதமாயிற்று. அமானிதம் என்றால் கபீரின் குடும்பத்தில் விளையாட்டுப் பேச்சு இல்லை. ஒருவர் நம்பிக் கொடுத்ததை மாற்றாமல், கலக்காமல், அதே நோட்டாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் கை வைத்தவனுக்கு மறுமையில் கதி இல்லை என்று கபீர் நம்பினான். ரஹீமாவும் நம்பினாள்.

கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் முதலில் பின் சந்துக்கு ஓடினாள். பூங்காவனம் வீடு பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகப் பக்கத்தில் சொன்னார்கள். இனி அங்கே போய் வார்டு வார்டாகத் தேடினால் பொழுது போய்விடும். ரஹீமா ஒரு பெச்சா வண்டியை நிறுத்தி ஏறினாள். பெச்சாக்காரன் மெதுவாக மிதிப்பதாகத் தோன்றியது. பாவம், அவன் நன்றாகத்தான் மிதித்தான்.

கடையில் கபீர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். தம்பி ஷரீஃபுதீன் இங்கிலீஷ் பவுன் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயது, அண்ணனை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான். அண்ணன் சொல்லே அவனுக்கு வேதம், அண்ணன் சொல்வது தனக்கு லாபமாக இருக்கும்வரை.

ரஹீமா மூச்சு வாங்கச் சொன்னதைக் கபீர் முழுவதும் கேட்டான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ரேடியோவுக்கு என்ன, வாய்க்கு வந்தத சொல்லும். எலெக்‌ஷனப்ப நம்ம ரேடியோ சொல்லாததா?"

"ரெண்டு தடவை சொன்னாங்க மச்சான். நாளைக்குக் காலையில ஆறு மணியிலேருந்துன்னு நேரம்கூட சொன்னாங்க."

"ஒரு ராத்திரியில ஆயிரம் நூறாயிடுமா?"

"இருபத்து நாலு இருபதாச்சே, அது மட்டும் எப்படி ஆச்சு?"

கபீர் கதவிலிருந்த கோட்டைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான், மாட்டினான். ஷரீஃபுதீன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டான்.

"காக்கா, ஆத்தோரத்துல இன்னும் யாருக்கும் தெரியாது. இப்பவே தள்ளிடலாம். பத்தொம்பதுன்னு சொல்லுங்க, கண்ண மூடிட்டு வாங்கிட்டுப் போவானுங்க."

பேச்சு முடியவில்லை, நடராஜன் வந்து நின்றான். சுமத்திராக் கரையை ஒட்டிய ரூப்பாத் தீவுக்குப் படகு விட்டுப் பாக்கு வாங்கி வருகிறவன். வாரம் ஒருமுறை இந்தக் கடையில்தான் ரூபியா எடுப்பான்.

"பாய், நாளைக்குக் கெளம்பறேன். ஆயிரத்துல இருவது நோட்டு கெடைக்குமா?"

ஷரீஃபுதீன் இரும்புப் பெட்டியைத் திறந்தேவிட்டான். கபீரின் கை கட்டின் மேல் போய் நின்றது. ரஹீமா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ரேடியோவை நம்புகிறானா இல்லையா என்பது இப்போது தெரிந்துவிடும்.

கபீர் கையை எடுத்தான்.

"வாங்காத நடராஜா. ஜகார்த்தாவுல பெரிய நோட்டைக் கொறைச்சுட்டாங்களாம். காலையில இது ஒனக்குப் பத்துல ஒண்ணுதான் போவும்."

நடராஜன் எடுத்த பணத்தை மடியில் திரும்பச் செருகினான். பிறகு, "அல்லா ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டாரு பாய்" என்று சொல்லிவிட்டு ஓடினான். ஓடியவன் சும்மாவா ஓடினான்? வழியில் தெரிந்த கடையிலெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினான். கொஞ்ச நேரத்தில் எதிர்வரிசையில் காசு மாற்றும் கடை இரண்டும் பலகையைப் போட்டு அடைத்துக்கொண்டன.

"நல்லவரு பட்டம் வாங்கியாச்சு" என்றான் ஷரீஃபுதீன். "இனிமே ஊர்ல ஒரு பய வாங்கமாட்டான். சந்தோஷமா காக்கா?"

"பொய் சொல்லி விக்கச் சொல்றியா?"

"சும்மா இருந்தாப் போதும்னுதானே சொன்னேன்!"

புருஷனை நினைத்து ரஹீமாவுக்கு அந்த நிமிஷம் பெருமையாக இருந்தது. ஒரு வார கோபமும் கரைந்துபோயிற்று. பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் அதை வாய்விட்டும் சொல்லியிருப்பாள். சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்பதை அவள் சீக்கிரமே தெரிந்துகொண்டாள்.

மாலை அசர் தொழுகை நேரத்துக்குச் சீன முதலாளி லிம் தவுக்கே வந்தார். சுமத்திராப் பக்கத்துப் பெங்காலிஸ் தீவுக்குப் பண்டமாற்றுத் தோங்காங் விடுகிறவர். பத்து வருஷப் பழக்கம். வந்தவர் உட்காரவில்லை. குடையைக் கதவில் சாய்த்துவிட்டு, கபீரிடம் மலாயில் சுருக்கமாகப் பேசினார். செய்தி அவருக்குத் தெரியும். பெங்காலிஸ் வியாபாரி ஒருவனுக்கு அவர் ரூபியாவில் கடன் பாக்கி கட்ட வேண்டியிருக்கிறது. காலை ஆறு மணிவரை ஆயிரம் ஆயிரம்தான். அதற்குள் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் அந்த வியாபாரி வாங்கித்தான் ஆக வேண்டும். தோங்காங் ஐந்து மணிக்கு நீர் ஏறினதும் கிளம்புகிறது. நோட்டுக்குப் பத்து வெள்ளி தருவார். பாதி விலை.

"பத்தா!" என்றான் கபீர்.

வழியில் படகு கெட்டாலும் நஷ்டம் தன்னுடையதுதானே என்றார் தவுக்கே. அப்புறம் விரலைத் தூக்கினார். அறுபது நோட்டு போதும், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

கபீர் கண்ணை மூடிக்கொண்டான். கோட்டைத் துடைத்துத் துடைத்து எழுதியவனுக்கு, கடைசியில் எந்த விலைக்குத் தள்ளிவிடுவது என்பதை இன்னொருத்தர் சொல்லவேண்டி வந்துவிட்டது. ஆனாலும் அவன் வியாபாரி. பாதி போனாலும் பாதி நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

"ஷரீஃபு, கட்டை எடு."

"கொஞ்சம் இருங்க" என்றாள் ரஹீமா. இடுப்பிலிருந்த துணிக்கட்டை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். "இது பூங்காவனத்தக்காவோடது. இதுலயும் அறுவது இருக்கு."

கபீருக்கு முகம் மாறிவிட்டது.

"அத எதுக்கு வெளிய எடுத்தே? அமானிதம். அதுல கை வைக்கக்கூடாது."

"வைக்காம இருந்தா நாளைக்கு இது வெறும் தாளு."

"தாளோ தங்கமோ, அவங்க கொடுத்தத அப்படியே கொடுக்கணும். நம்ம சொந்தத்த விக்கறதுக்கு நமக்கு உரிமை இருக்கு. அவங்க பொருள விக்க நீ யாரு, நான் யாரு? மார்க்கம் தெரியாதா ஒனக்கு?"

தெரியும். நன்றாகத் தெரியும். சட்டப்படி அவன் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகில்லை. அதனால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தச் சட்டம் அவன் பெட்டியைக் காப்பாற்றுகிறதோ, அந்தச் சட்டம்தான் இன்றைக்கு அவன் வாயில் இத்தனை சுளுவாக வருகிறது.

"மச்சான், அவங்க அன்னைக்கே மாத்தத்தானே வந்தாங்க? இருக்கட்டும்னு சொன்னது யாரு?"

கபீர் துணிக்கட்டை அவள் பக்கமே தள்ளினான்.

"ஒங்க சொல்ல நம்பித்தானே வச்சிட்டுப் போனாங்க. நோட்டை மட்டுமா நம்பிக் கொடுத்தாங்க?"

"மதினி, ஒண்ணு செய்வோம்" என்று ஷரீஃபுதீன் குறுக்கே வந்தான். "அவங்களுது முப்பது, நம்மளுது முப்பது. தனக்கு மிஞ்சித்தான் தானதருமம்."

"இது தருமம் இல்ல தம்பி. நமக்குக் கடை இருக்கு. ஒங்க ரெண்டு பேருக்கும் கையும் காலும் இருக்கு. அந்த மனுஷன் மூச்சு வாங்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்கறாரு. இதுல பாதிதான் மிஞ்சப்போவுது. அதுலயும் பாதியப் பிடுங்கணுமா?"

தவுக்கே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். குடையைக் கையில் எடுத்தார்.

"கடை போயிடும் ரஹீமா" என்றான் கபீர். அவன் குரல் இறங்கிவிட்டது. அதட்டல் எல்லாம் போய்க் கெஞ்சலாக வந்தது. "எட்டு வருஷம். மறுபடி நான் நோட்டைக் கையில வச்சுக்கிட்டுப் படகுக்குப் படகு அலையணும். தெரியுதா?"

அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது. கண்ணாடிப் பெட்டி இல்லாத காலத்தில், கொளுத்தும் வெயிலில் அவன் ஆற்றங்கரைப் படிகளில் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். விட்டுக்கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அமானிதத்தை அப்படியே வைத்திருந்தோம் என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். ஊரும் ஒப்புக்கொள்ளும்.

அவள் கட்டின் முடிச்சை அவிழ்த்து, தவுக்கேயின் பக்கம் நகர்த்தினாள்.

"எண்ணிக்கோங்க தவுக்கே."

தவுக்கே கபீரைப் பார்த்தார். கபீர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தவுக்கே நோட்டைத் தொட்டிருக்கமாட்டார். எண்ணி முடித்து அறுநூறு வெள்ளியை வைத்துவிட்டு, குடையை மறந்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

"மறுமையில இதுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று கபீர் உள்ளே இருந்து சொன்னான்.

"சொல்றேன்" என்றாள் ரஹீமா.

வீட்டுக்குத் திரும்பும்போது தன் கட்டைக் கபீர் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். பூங்காவனத்தின் கட்டு இருந்த அலமாரித் தட்டில் அதை வைத்துக் கதவைச் சாத்தினான். அந்தி மஃரிபு தொழுதுவிட்டு, இரண்டு பேரும் பின் சந்துக்குப் புறப்பட்டார்கள். பொம்பளை தனியாக அத்தனை பணத்தோடு போகக்கூடாது என்று கபீர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட வந்தான். 

பூங்காவனம் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மறுநாள் இடியாப்பத்துக்கு மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"வா தங்கச்சி. வாங்க பாய். இன்னைக்குக்கூட அண்ணன் கேட்டுச்சு, காசு பத்திரமா இருக்கான்னு. பாய் வீட்டுல இருக்கு, ஒனக்கென்ன கவலைன்னேன். அப்பறந்தான் கண்ண மூடித் தூங்குச்சு. என்ன, வெல ஏறிடுச்சா?"

ரஹீமா வெள்ளியை அவள் முன்னால் பலகையில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். ரேடியோ, தவுக்கே, தோங்காங், எல்லாவற்றையும். சொல்லும்போதே தன் குரல் பொய் சொல்கிறவள் குரல்போலத் தனக்கே கேட்டது. ஏன் என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

பூங்காவனம் பணத்தைத் தொடவில்லை.

"இது எவ்ளோ?"

"அறுநூறு."

"நோட்டுக்கு இருவது, ஆயிரத்து எரநூறு வரும்னு போன வாரம் பாய் சொன்னாரே. மிச்சம் அறுநூறு எங்க?"

"அதான் அக்கா, பாதி வெலைக்குத்தான்..."

"யார கேட்டு வித்தே?"

"ஒங்களத் தேடி வந்தேன் அக்கா, வீடு பூட்டியிருந்துச்சு."

"நான் விக்கச் சொன்னனா? வச்சிருன்னுதானே கொடுத்தேன்! ஒரு ராத்திரியில ஆயிரம் நூறாவுமாம், அத நான் நம்பணுமாம். அந்தூர்ல முன்ன ஒரு தடவ நோட்டைக் கத்தரிக்கோலால ரெண்டா வெட்டச் சொன்னாங்களாம். அண்ணனே வெட்டுச்சாம். வெட்டின பாதி நோட்டே கடையில செல்லுச்சாம்! முழு நோட்டு செல்லாதுன்னு என்கிட்ட வந்து சொல்றியா?" அவள் குரல் ஏறியது. அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. "பாதிய எடுத்துக்கிட்டுப் பாதியத் தர்றியா ரஹீமா? ஒன்ன என் கூடப்பொறந்தவளா நெனச்சனேடி!"

எத்தனையோ ஏச்சுக்கு ரஹீமா தயாராகத்தான் வந்திருந்தாள். அந்தக் கடைசி வார்த்தைக்குத் தயாராக வரவில்லை. 

"அக்கா, அல்லா மேல ஆணையா..."

"ஆணையெல்லாம் வேணாம். எனக்கு இந்த வெள்ளியும் வேணாம். நான் கொடுத்த ரூபியா அறுவதையும் இப்பவே கொண்டாந்து வையி. விடிஞ்சா அது என்னாவுதோ ஆவட்டும். அது என் பாடு, என் அண்ணன் பாடு."

வாசலில் நின்ற கபீர் தலை நிமிர்ந்தான்.

"அக்கா, நாளைக்குக் காலையில அது நூறாயிடும். தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"பேச்சு மாறமாட்டீங்களே?"

"என் காச நான் கேக்கறதுக்கு எதுக்குப் பாய் பேச்சு மாறணும்?"

கபீர் ரஹீமாவைப் பார்த்தான். காலையிலிருந்து அவன் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது. மறைக்கவில்லை, ஏமாற்றவில்லை, எச்சரித்தும் ஆயிற்று. பொருளுக்கு உடையவள் தன் வாயால் கேட்கிறாள். நோட்டுக்கு நோட்டு அறுபதையும் கொடுத்துவிட்டால் அமானிதமும் தீர்ந்தது, அறுநூறு வெள்ளியும் கடைக்கு வந்தது.

"கேக்கறாங்கல்ல" என்றான் மெதுவாக. "நம்ம கட்டை எடுத்துட்டு வந்துடறேன்."

"மச்சான், வேணாம்."

அவன் அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டான்.

ரஹீமா பூங்காவனத்தின் கையைப் பிடித்தாள். பூங்காவனம் உதறினாள். மறுபடி பிடித்தாள். அந்த அறுபதும் தங்கள் நோட்டு என்பதையும், தங்களுடையதை வைத்துக்கொண்டு அவளுடையதை விற்றதையும், அதற்காகக் கடையே போகப்போவதையும் சொன்னாள். பூங்காவனம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒங்களுத வச்சுக்கிட்டு என்னுத வித்தியா? ஒலகத்துல எந்த வியாபாரியாவது அப்படிச் செய்வானா?"

ரஹீமா அவள் கையை விட்டாள். தானே அந்த இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள். ஆறு மணியாகிச் செய்தி ஊர் முழுக்க உறுதியான பிறகு பூங்காவனம் நம்புவாள். அப்போது அவள் கையில் எது இருக்கும் என்பதுதான் கேள்வி. அதை இந்தப் பத்து நிமிஷத்துக்குள் தீர்த்தாக வேண்டும்.

சந்து முனையில் சைக்கிள் மணி அடித்தது.

ரஹீமா எழுந்து போய் வாசலில் நின்றாள். கபீர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, மடியிலிருந்து கட்டை எடுத்துக்கொண்டு படி ஏறினான்.

"வழி விடு."

"மாட்டேன்."

"நான் திருடறேனா? பொருளுக்கு உடையவங்க கேக்கறாங்க."

"மருந்துன்னு நெனச்சு வெஷத்தக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பீங்களா? மத்தியானம் அந்த நடராஜனுக்கு ஏன் கொடுக்கல?"

கபீர் ஒரு படி கீழே இறங்கினான். கட்டைப் பிடித்திருந்த கை மட்டும் தாழவில்லை.

"அவர உள்ள விடு" என்றாள் பின்னாலிருந்து பூங்காவனம். "என் காசு வருது, நடுவுல நீ யாருடி?"

சந்தில் ஆட்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் புருஷன், பின்னால் அக்கா. இரண்டு பேரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். இரண்டு பேருமே நாளைக்குத் தன் முகத்தில் விழிக்கமாட்டார்களோ என்று ரஹீமாவுக்குப் பயமாக இருந்தது.  கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"காலையில ஆறு மணிக்கு மேல அக்கா இதையே கேட்டா, நானே என் கையால எடுத்துத் தர்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் என்னத் திட்டுங்க. நான் இங்கதான் நிப்பேன்."

கபீர் கட்டைப் பிடித்த கையைத் தாழ்த்தினான். அவளை விலக்கிக்கொண்டு போகவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. படியிலேயே உட்கார்ந்து, கட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

வீட்டுக்குள்ளிருந்து மாவு கருகும் வாடை வந்தது. பூங்காவனம் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கவில்லை.